திங்கட்கிழமைத் தீர்ப்பு

கோடிகளைக் கொட்டி எடுத்த படம் ஒரே வாரத்தில் கவிழ்கிறது. இயக்குநர் யாரென்றே தெரியாத படம் ஐந்தாவது வாரமும் ஓடுகிறது. மூன்று ஷிஃப்டில் இயங்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் நின்று பார்த்தால், இந்தக் கணக்கின் சூட்சுமம் கொஞ்சம் பிடிபடுகிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திராவின் தடா. இன்னும் கொஞ்ச தூரத்தில், சூலூர்பேட்டையை ஒட்டி நெடுஞ்சாலையோரம் ‘வி எபிக்’ திரையரங்கு வரும். சுமார் 100 அடி அகலம், 54 அடி உயரத்துக்குத் திரை. இந்தியாவிலேயே பெரிய திரை என்ற பெயரோடு 2019 ஆகஸ்ட் கடைசியில் திறந்தார்கள். முதலில் ஓட்டிய படம் பிரபாஸின் ‘சாஹோ’. ‘பாகுபலி’ இரண்டு பாகங்களுக்குப் பிறகு அவர் நாயகனாக வந்த முதல் படம். செலவு 350 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது.

படம் இந்தியில் ஓரளவு தப்பித்தது. சொந்த மண்ணான தெலுங்கிலேயே ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், தமிழிலும் எடுபடவில்லை. அதே திரையில் ‘ஆர்.ஆர்.ஆர்.’ பார்க்க 2022-ல் சென்னையிலிருந்து கார் பிடித்து வந்தார்கள். நாற்காலி அதே, ஒலிபெருக்கி அதே. வரிசையில் நின்ற ரசிகரும் ஏறக்குறைய அதே ஆள்தான். ஒரு படத்தில் கொட்டாவி விட்டவர், இன்னொரு படத்தில் விசிலடித்தார்.

ஏன்? கோடம்பாக்கம் வெள்ளிக்கிழமை தவறாமல் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. விடை தேட கும்மிடிப்பூண்டி நல்ல இடம். இங்கே ஒருவர் படம் பார்க்கப் போவது அவ்வளவு சுலபமான முடிவு இல்லை.

ஆஃப் நாளின் விலை

சிப்காட் ரோலிங் மில்லில் காலை ஷிஃப்ட் 6 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணிக்கு முடியும். அடுத்தது இரவு 10 வரை. அதற்கப்புறம் நைட் ஷிஃப்ட். வாரத்தில் ஒரு நாள் ஆஃப். அதுவும் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை வாய்க்காது. அந்த ஒரு நாளில்தான் துணி துவைக்க வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூட விஷயம் பார்க்க வேண்டும், பாக்கித் தூக்கத்தையும் தூங்க வேண்டும். ஓவர்டைம் (ஓ.டி.) கிடைத்தால் அதை விடவும் மனசு வராது.

மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் அதிகபட்சம் 150 ரூபாய், வரி தனி என்று 2017-ல் தமிழக அரசு நிர்ணயித்தது. அதன்படியே வைத்துக்கொண்டாலும், நாலு பேர் கொண்ட குடும்பம் டிக்கெட், ஆன்லைன் புக்கிங் கட்டணம், வண்டி நிறுத்தம், இடைவேளை பாப்கார்ன் என்று கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. கான்ட்ராக்ட் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல். நாலு வாரம் பொறுத்தால் பெரும்பாலான படங்கள் ஓ.டி.டி.யில் கைபேசிக்கே வந்துவிடும். இதையெல்லாம் மீறித் தியேட்டருக்கு வருகிறவர் காசோடு சேர்த்துத் தன் ஆஃப் நாளையும் கவுன்டரில் வைக்கிறார்.

அதனால்தான் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீக்கடையில் கிடைக்கும் விமர்சனம் அத்தனை கறாராக இருக்கிறது. அங்கே புழங்கும் தீர்ப்புகள் மொத்தமே நாலைந்துதான். “செமயா இருக்குண்ணா, வீட்டோட போ” என்றால் அதற்கு மேல் மதிப்பெண் இல்லை. “ஒருவாட்டி பாக்கலாம்” என்பது மரியாதைக்குச் சொல்வது. கேட்டவர் போக மாட்டார். “ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் இழுவை” என்றால் படம் இந்த வாரத்தைத் தாண்டாது. “தலைவலி மச்சான்” என்பதற்கு மேல்முறையீடே கிடையாது. இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, படத்தைப் பார்க்காமலே சொல்லும் தீர்ப்பு: “ஓ.டி.டி.ல வரட்டும், பாத்துக்கலாம்.”

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நட்சத்திரத்துக்கும் விளம்பரத்துக்கும் சொந்தம். ரசிகர் மன்றமும் பாட்டும் டிரெய்லரும் கூட்டத்தை உள்ளே தள்ளிவிடும். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு வருகிறவரை அழைத்து வந்தது இவை எதுவுமில்லை. பக்கத்து மெஷினில் நிற்பவர் சொன்ன ஒரு வாக்கியம்தான். சினிமாக்காரர்கள் ‘மவுத் டாக்’ என்று சொல்வது இதைத்தான்.

ஒரே கம்பெனி, இரண்டு படம்

2024 நவம்பர் 14. சூர்யாவின் ‘கங்குவா’ வெளியானது. ஸ்டுடியோ கிரீன் நிறுவனத்தின் தயாரிப்பு, சிவா இயக்கம். 2,000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்புத் தரப்பே வெளியீட்டுக்கு முன் பேசியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தீவுகள், குலங்கள், போர்கள், இன்னொரு பக்கம் இன்றைய கோவா என்று இரண்டு காலத்தில் கதை.

முதல் நாளே எழுந்த பெரிய புகார் சத்தம். தியேட்டர்களில் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டச் சொல்லி அடுத்த நாளே தயாரிப்பாளர் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. படத்தை ஆதரித்து எழுதிய சூர்யாவின் மனைவி ஜோதிகாகூட முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். அப்புறம் 12 நிமிடத்தை வெட்டினார்கள். கூட்டம் திரும்பவில்லை.

சத்தத்தைப் பற்றிக் கும்மிடிப்பூண்டிக்காரரிடம் யாரும் பாடம் எடுக்க முடியாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்கிறது தொழிற்சாலை விதி. அதைத் தொடும் இரைச்சலில் நாள் முழுக்கக் காதில் பஞ்சோடு நிற்கிறவர், ஆஃப் நாளில் காசு கொடுத்து அதையே மறுபடி கேட்க வரமாட்டார். ஆனால் ‘கங்குவா’ கவிழ்ந்ததற்குச் சத்தத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதி நியாயம்தான். நல்ல சண்டைக் காட்சியில் சத்தம் உறுத்துவதில்லை. யார் செத்தால் நமக்கென்ன என்று தோன்றிய பிறகுதான் காது வலிக்க ஆரம்பிக்கிறது.

இதே ஸ்டுடியோ கிரீன் அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் படத்தை வாங்கி வெளியிட்டது. 2012 ஆகஸ்ட் 15-ல் வந்த ‘அட்டகத்தி’. சி.வி.குமார் தயாரிப்பு. இயக்குநர் பா.இரஞ்சித்துக்கும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். இரஞ்சித் இந்த மாவட்டத்துக்காரர். ஆவடியை அடுத்த கரலப்பாக்கம். படத்தில் போர் இல்லை, வில்லன் இல்லை. புறநகர்ப் பையன் தினகரன் பஸ்ஸிலும் ரயிலிலும் பார்க்கிற பெண்களிடம் வரிசையாக மனதைப் பறிகொடுத்து வரிசையாகப் பல்பு வாங்குகிறான். கல்லூரிக்குப் போய் ‘ரூட் தல’ ஆகிறான். திருவள்ளூர் ரூட், கும்மிடிப்பூண்டி ரூட் என்று மின்சார ரயிலின் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்ட மாணவர்களை நேரில் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. தினகரனுக்கு அந்தப் படத்தில் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான், மானம். பதினெட்டு வயதில் அது எவ்வளவு பெரிய சொத்து என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

பட்ஜெட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் சினிமா உலகம், நாயகன் எதைப் பணயம் வைக்கிறான் என்று கேட்பதே இல்லை. ஓடிய படங்களையும் கவிழ்ந்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படுவது அதுதான். திரையில் இருப்பவனுக்கு எது போய்விடும் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அது போனால் தனக்கும் வலிக்க வேண்டும். இது அமைந்தால் ரப்பர் பந்துக் கிரிக்கெட்டே போதும். அமையாவிட்டால் ஆயிரம் வருடச் சரித்திரமும் போதாது.

முகாமுக்குப் பக்கத்தில் ஒரு காலனி

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. புழலிலும் ஒன்று உண்டு. 2021 வரை ‘அகதிகள் முகாம்’ என்றே அரசுத் தாளிலும் அழைக்கப்பட்டவை. முகாமிலிருந்து வேலைக்குப் போகிறவர்களும் உள்ளூர்க்காரர்களும் அன்றாடம் கலந்து புழங்கும் ஊர் இது.

இந்த வாழ்க்கையைத் தமிழ் சினிமா பல முறை தொட்டிருக்கிறது. 2000 தீபாவளிக்கு வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் ஈழத் தமிழ் பேசி வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த கார்த்திக் சுப்பராஜின் ‘ஜகமே தந்திரம்’ மதுரை ரவுடி சுருளியை லண்டனுக்கு அனுப்பி, குடியேற்ற அரசியலுக்குள் ஈழத் தமிழரின் துயரத்தைச் சொல்லப் பார்த்தது. பிரச்சினை பெரியது, நடிகர் தனுஷ், இருந்தும் மனதில் ஒட்டவில்லை. சுருளியின் துப்பாக்கிச் சாகசத்துக்கும் அகதியின் துயரத்துக்கும் நடுவில் படம் ஊசலாடியது. யாருடைய இழப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே பிடிபடவில்லை.

2025 மே 1. அதே கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய சூர்யாவின் ‘ரெட்ரோ’வும், அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படமான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ஒரே நாளில் வெளியாயின. ‘ரெட்ரோ’வுக்கு ஓப்பனிங் பிரமாதம். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கோ நாள் போகப் போகக் கூட்டம் ஏறியது.

கதை இரண்டு வரி. இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்திறங்கும் ஒரு குடும்பம், சென்னையில் ஒரு காலனியில் தங்களை மறைத்துக்கொண்டு குடியிருக்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் அப்பா அம்மா. வாய் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து வீட்டில் ‘காபி சாப்பிடறீங்களா’ என்று கேட்டாலே பதற வேண்டிய நிலை. பெரிய அரசியல் பேச்சு எதையும் பாத்திரங்கள் மேடை போட்டுப் பேசவில்லை. வாடகைக்குக் கிடைத்த வீடு போய்விடுமோ என்ற பயம்தான் இரண்டு மணி நேரமும் படத்தை இழுத்துப் போகிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு நாளாவது யோசிக்காத தொழிலாளி இந்தத் தொழிற்பேட்டையில் உண்டா?

குறை சொல்ல இடம் இல்லாமல் இல்லை. மனிதர்கள் எல்லாரும் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்களா, போலீஸ் இத்தனை சீக்கிரம் இளகுமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விகள். ஆனால் கடைசியில் விசாரணைக்கு வரும் போலீசாரிடம் காலனிவாசிகளே ஈழத் தமிழ் பேசி அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற முனையும் கட்டத்தில், கேட்டவர்களும் சேர்ந்துதான் கை தட்டினார்கள். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தைப் படம் முதல் ரீலிலிருந்தே சேர்த்து வைத்திருந்தது. அதே பேச்சு கேடயமாக மாறியபோது வந்த கைதட்டல் அது.

சேனாபதிக்கு என்ன போயிற்று?

பூந்தமல்லி அருகே உள்ள ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது 2020 பிப்ரவரி 19-ம் தேதி இரவு கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகு கொரோனா, வழக்கு, இழுபறி. ஒருவழியாகப் படம் 2024 ஜூலை 12-ல் வந்தது. ஷங்கர், கமல்ஹாசன் இருவரும் 28 வருடங்களுக்குப் பிறகு சேனாபதியைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். மூன்று மணி நேரப் படம். வெளியான வாரத்திலேயே 12 நிமிடம் குறைத்தார்கள். ‘கங்குவா’வுக்கும் அதே 12 நிமிடம்தான் வெட்டினார்கள் என்பது தற்செயல், இரண்டுக்கும் அது உதவவில்லை என்பது தற்செயல் இல்லை.

1996-ன் ‘இந்தியன்’ ஏன் அப்படி ஓடியது? லஞ்சத்தை எதிர்த்த படம் என்பார்கள். லஞ்சத்தை எதிர்த்துத் தமிழில் எத்தனையோ படங்கள் வந்து போயின. ‘இந்தியன்’ சேனாபதி லஞ்சம் கொடுக்க மறுத்ததால் தீக்காயத்தோடு கிடந்த மகளை இழந்தவர். பிற்பாடு லஞ்சம் வாங்கித் தகுதியில்லாத பஸ்ஸுக்குச் சான்று கொடுத்த சொந்த மகனையே தன் கையால் கொல்கிறார். அந்தக் கிழவர் தன் கொள்கைக்குக் கொடுத்த விலை இரண்டு பிள்ளைகள். தியேட்டரில் இருந்த எந்த அப்பாவுக்கும் அந்தக் கணக்குப் புரியும்.

இரண்டாம் பாகத்தில் அவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார், நேரலையில் இளைஞர்களுக்குப் புத்தி சொல்கிறார், மாநிலம் மாநிலமாகப் போய் வர்மம் போடுகிறார். பலியாகும் பணக்காரர்களை நமக்குத் தெரியாது. அவர் சொன்னபடி நடந்து குடும்பத்தை இழக்கும் சித்தார்த்தின் பாத்திரத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. படம் அங்கே நின்று மூச்சு விடாமல் அடுத்த மாநிலத்துக்கு ஓடிவிட்டது. சேனாபதிக்கு இம்முறை இழக்க எதுவுமே இல்லை.

அதே வருடம் செப்டம்பர் 20-ல் ‘லப்பர் பந்து’ வந்தது. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். விஜய்யின் ‘கோட்’ வெளியாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விஜயகாந்த் பாட்டுக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும் நடுவயது ஆட்டக்காரர் ‘கெத்து’. ‘அட்டகத்தி’ தினேஷேதான், பன்னிரண்டு வருடம் கழித்து. அவருடைய ஆட்டத்தில் உள்ள ஓட்டையைப் பற்றி ஹரிஷ் கல்யாண் போகிற போக்கில் விடும் ஒரு கமெண்ட். அதில் ஆரம்பிக்கும் வீம்பு, கெத்துவின் மகளைத்தான் அவன் காதலிக்கிறான் என்பதில் போய் முடிச்சாகிறது. ஊர் கிரிக்கெட் டீமில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதில் ஒளிந்திருக்கும் சாதியையும் படம் பிரசங்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறது. புருஷன் ஆட்டத்துக்குப் போன கோபத்தில் கெத்துவின் மனைவி டிராக்டரை எடுத்துவந்து பிட்ச்சையே உழுதுவிட்டுப் போகும் காட்சியில் தியேட்டர் அதிர்ந்தது. அந்தப் பெண்ணுக்குக் கிரிக்கெட் என்றால் வீட்டுக்கு வராத சம்பளம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்ததே காரணம்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட் 23-ல் வந்த மாரி செல்வராஜின் ‘வாழை’யும் இதே ரகம். வாழைத்தார் சுமக்கப் போக மனமில்லாத ஒரு சிறுவன்; தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்கும் பெரியவர்கள். தமிழ் சினிமாவில் கோடிகள் கைமாறும் காட்சிகள் எத்தனையோ வந்துவிட்டன. இந்த ஒரு ரூபாய் அவற்றைவிடக் கனமாக இருந்தது. ஓ.டி. ரேட்டுக்காக சூப்பர்வைசரிடம் வாதாடியவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நல்ல படமும் தோற்கிறதே?

கேட்க வேண்டிய கேள்விதான். கதையில் பணயம் சரியாக அமைந்தும் தோற்ற படங்கள் ஏராளம்.

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தது. அதே பொங்கலில் விக்ரமின் ‘தூள்’ பட்டையைக் கிளப்பியது. ‘அன்பே சிவம்’ நஷ்டம். பிற்பாடு தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து அதைக் கொண்டாடாத ஆள் இல்லை. அந்தப் படத்தை இயக்கிய சுந்தர்.சி-யின் ‘மதகஜராஜா’ 2013-ல் வந்திருக்க வேண்டியது; கடன் சிக்கலில் மாட்டி 12 வருடம் பெட்டிக்குள் கிடந்தது. 2025 பொங்கலுக்கு அஜித்தின் ‘விடாமுயற்சி’ தள்ளிப்போனதால் காலியான இடத்தில் நுழைந்தது. ஷங்கரின் ‘கேம் சேஞ்சர்’ கவிழ்ந்துகொண்டிருந்த அதே வாரத்தில், பழைய சந்தானம் காமெடிக்குக் குடும்பம் குடும்பமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரே இயக்குநர், இரண்டு பொங்கல். பண்டிகை விடுமுறையில் மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் தத்துவம் கேட்பதில்லை. தேதி தப்பினால் நல்ல கதையும் தோற்கும்.

இன்னொரு எதிரி, எதிர்பார்ப்பு. மணிரத்னமும் கமலும் ‘நாயக’னுக்கு 37 வருடம் கழித்து 2025 ஜூனில் ‘தக் லைஃப்’ தந்தபோது, ரசிகர் மனதில் அதற்குப் போட்டியாக 1987-ன் வேலு நாயக்கர் உட்கார்ந்திருந்தார். புதுப்படம் அவரிடமே தோற்றது.

மூன்றாவது, வியாபார ஏற்பாடு. முதல் வாரத்தில் வசூலின் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் போகப் போகத்தான் தியேட்டர்காரர் பங்கு கூடும். ஆகவே சிற்றூர்த் தியேட்டருக்கு உண்மையான சோறு போடுவது நாலாவது வாரமும் ஓடும் சின்னப் படம். ஆனால் பெரிய படத்துக்கு எம்.ஜி. (மினிமம் கேரண்டி) கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டால், அடுத்த சின்னப் படத்துக்குக் காட்சி கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2002-ல் ‘பாபா’ தோற்றபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா நடிகரும் ரஜினி இல்லை.

விநியோகஸ்தர் கணிப்பும் வேதவாக்கு கிடையாது. கோவணத்தோடு கமல் நடித்த ‘16 வயதினிலே’வை வாங்க 1977-ல் ஆள் இல்லை, தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். மீதி சரித்திரம். பாலாவின் ‘சேது’ வாங்குவார் இல்லாமல் காத்துக் கிடந்து 1999 டிசம்பரில் வந்தது. இந்தியாவே கொண்டாடும் ‘ஷோலே’ 1975-ல் ஆரம்ப நாட்களில் மந்தமாகத்தான் நகர்ந்தது. அப்புறம் பம்பாய் மினர்வாவில் ஐந்து வருடம் ஓடியது. அன்றைக்கு மவுத் டாக் பரவ வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. இன்றைக்கு இடைவேளைக்குள் கைபேசியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இந்த அவசரத் தீர்ப்புகள் மேல் வந்த கோபத்தில்தான் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று 2024 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. காசுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களும் வன்மத்தோடு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் யூடியூபை மூடினாலும் டீக்கடையை மூட முடியாது. பதினைந்து யூடியூபர்கள் புகழ்ந்து தள்ளிய படமும் ஷிஃப்ட் முடிந்த ஒருவரின் “மொக்கைண்ணா”வில் படுத்துவிடும்.

எல்லையில் மொழி ஒரு தடை இல்லை

சினிமா வியாபாரத்தில் திருவள்ளூர் மாவட்டம் இன்றும் ‘செங்கல்பட்டு ஏரியா’தான். 1997-ல் மாவட்டம் பிரிந்ததை விநியோகஸ்தர்களின் வரைபடம் கண்டுகொள்ளவில்லை. சென்னைப் புறநகர் முழுக்க அதற்குள் அடங்குவதால் தமிழ்நாட்டின் பெரிய வசூல் ஏரியாக்களில் அதுவும் ஒன்று. அதன் வடக்கு ஓரத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி கிடையாது என்று ஆன பிறகு, விடியற்காலைக் காட்சி தேடி எல்லை தாண்டிப் போகும் ரசிகர்களும் உண்டு.

இப்படிக் கலந்துகட்டிய ரசிகர்கள் மொழி பார்த்தா படம் பார்க்கிறார்கள்? ‘புஷ்பா’ 2021-ல் வந்தது. செம்மரம் வெட்டும் கூலிக்காரன், தன் கையில் வரும் காசுக்கும் அந்தக் கட்டை சென்னை முருகனிடம் போகிற விலைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்கிறான். அதைவிட, அப்பன் வீட்டுப் பெயர் தனக்கு மறுக்கப்பட்டதுதான் அவனை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தோளைத் தூக்கி நடக்கும் அந்த நடையைத் தமிழ்ப் பையன்களும் இந்திப் பையன்களும் சேர்ந்தே நடந்து காட்டினார்கள்.

2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ நேரடி மலையாளப் படமாகவே வந்து தமிழ்நாட்டில் 50 கோடிக்கு மேல் வசூலித்ததாகப் பேசப்பட்டது. கொடைக்கானல் குகைக்குள் விழுந்த ஒரு நண்பனை வெளியே எடுக்க வேண்டும். கதை அவ்வளவுதான். ‘குணா’ பாட்டு நம் ஊர்ப் பாட்டு என்பது கூடுதல் போனஸ். நண்பன் உயிர் போய்விடுமோ என்ற பதைப்புக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை.

பிரம்மாண்டமே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ‘பாகுபலி’யும் ‘பொன்னியின் செல்வ’னும் பணத்தை வாரி இறைத்துத்தான் வென்றன. அங்கே யானைப் படைக்கும் கோட்டைக்கும் பின்னால் ஒரு தாயின் வாக்கு, ஒரு அண்ணன் தம்பிப் பகை, ஒரு வஞ்சம் இருந்தது. செலவு அதைப் பெரிதாகக் காட்டியது. இல்லாத ஒன்றைச் செலவால் உண்டாக்க முடியாது.

செட் போட இடம் இருக்கிறது

பூந்தமல்லி அருகே சுமார் 150 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. வரட்டும். திரையும் கேமராவும் ஒலியும் மேம்படட்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் எடுக்கப்படும் படங்களுக்கு அப்போது குறைவிருக்காது.

திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றிய படங்களுக்குத்தான் பஞ்சம். வடசென்னையின் ரவுடியையும் பாக்ஸிங்கையும் தமிழ் சினிமா நன்றாகவே காட்டிவிட்டது. ஃபர்னஸ் முன்னால் நிற்கிறவர், ஐந்து வருடமாகியும் நிரந்தரம் ஆகாத கான்ட்ராக்ட் தொழிலாளி, நைட் ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறவர், தமிழ் கற்றுக்கொண்டு மேஸ்திரி ஆன ஒடிசாக்காரர் இவர்களெல்லாம் திரையில் கூட்டத்தில் ஒருவராகக்கூட வந்ததில்லை. ‘அங்காடித் தெரு’ 2010-ல் தி.நகர் ஜவுளிக்கடை ஊழியர்களைக் காட்டியபோது, அதுவரை அந்தக் கடைகளில் துணி வாங்கிய லட்சக்கணக்கானோர் முதன்முறையாக அந்த முகங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். படமும் ஓடியது. தொழிற்பேட்டைக்கு அப்படி ஒரு படம் இன்னும் வரவில்லை.

தொழிலாளியைக் காட்டினால் படம் ஓடிவிடும் என்பதல்ல இதன் பொருள். அப்படி எடுத்துப் பெட்டிக்குள் போன படங்களும் இருக்கின்றன. கதை சொல்ல வரும் உதவி இயக்குநரிடம் தயாரிப்பாளர்கள் கேட்பது ஹீரோ யார், இன்ட்ரோ எப்படி, இன்டர்வெல் பிளாக் என்ன என்பவைதான். அதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று கேட்க வேண்டும்: ‘உன் ஹீரோவுக்கு இதில் என்ன போகும்?’ இதற்கு ஒரே மூச்சில் பதில் வந்தால், செலவு எவ்வளவு, எத்தனை தியேட்டர் என்று அப்புறம் பேசலாம். பதில் வராவிட்டால் 12 நிமிடத்தைப் படம் வெளியான பிறகு வெட்டுவதற்குப் பதில், மொத்தத்தையும் இப்போதே காகிதத்தில் வெட்டிவிடலாம். செலவு மிச்சம், தொழிலாளியின் ஆஃப் நாளும் மிச்சம்.